மூன்றாவது ஒயர்

1. ஏசி ரூம்

முதல் நாள் என்னை ஏசி ரூமில், மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வார்னிஷ் கறை போகாத கை. மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் மேலப்பாளையம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இருபது வருடத்துக்கு மேல் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தேன். மிக்சி, கிரைண்டர், தண்ணி மோட்டார், எது வந்தாலும் எரிந்த காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுப்பேன். கடை வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். ஆள் முகம் பார்த்துப் பேசுவது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராது.

கொரோனாவுக்குப் பிறகு கடை படுத்துவிட்டது. ரீவைண்டிங் கூலியோடு கொஞ்சம் போட்டால் புது மெஷினே கிடைக்கிறது என்று ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அப்போதுதான் கங்கைகொண்டான் போகிற ரோட்டில் சின்னதாக கிரைண்டர் கம்பெனி நடத்தும் அண்ணாச்சி என்னைத் தேடிக் கடைக்கே வந்தார். ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"பாய், இருவது வருசமா கிரைண்டர் வயித்தக் கிழிச்சுப் பாத்த ஆளு நீரு. எம் மவன் எஞ்சினியரு, நல்லாத்தான் வரையுதான். ஆனா எது எங்கன சாவும்னு அவனுக்குத் தெரியாது. நீரு வந்து அவன் பக்கத்துல உக்காரும். போதும்."

மகன் பெயர் கார்த்தி. மரியாதையான பையன். அண்ணாச்சியின் மகனாக இருந்தும் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்.

"பாய், கிரைண்டர் மோட்டார் எதனால போகுது?"

"தண்ணி," என்றேன். "மாவு ஆட்டுறப்ப வழியுற தண்ணி ஷாஃப்ட் வழியா பைய எறங்கி காயிலுக்குப் போயிரும்."

"அப்போ காயிலைச் சுத்தி ரெசின் ஊத்திக் கல்லு மாதிரி ஆக்கிட்டா?"

"தண்ணி போவாது. ஆனா பொறவு யாராலயும் தொறக்க முடியாது."

"தொறக்க வேண்டிய அவசியமே வராது பாய்."

அண்ணாச்சி சிரித்தார். "உம்ம தொழிலுக்கே பாட கட்டிட்டான் வே எம் மவன். வாரண்டிக்குள்ள போச்சா, மோட்டர அப்படியே மாத்திக் குடுப்போம். அதுக்கு மேல போச்சா, புதுசு வாங்கட்டும்."

நானும் சிரித்துவைத்தேன். அந்த மோட்டாரில் காயிலும் செம்பு இல்லை, அலுமினியம். கடைக்காரன் எவனும் திறந்து பார்க்கப் போவதில்லை என்றால் உள்ளே எந்தக் கம்பி இருந்தால் என்ன? அதுவும் அன்றைக்கே முடிவானது.

2. கேட்டதற்கு மட்டும் பதில்

ஒரு மாதம் கழித்து அதே ரூமில் இன்னொரு நாள். கார்த்தி தம்பி, அண்ணாச்சி, பர்ச்சேஸ் பார்க்கிறவர், நான். புது மாடலுக்கு வெளிப்பாடி முழுக்கப் பிளாஸ்டிக் என்று முடிவாகியிருந்தது. பழைய மாடலில் தகரப் பாடி. பேச்சு ஒயருக்கு வந்தது. த்ரீ கோரா, டூ கோரா, அதாவது உள்ளே மூன்று ஒயரா, இரண்டா? மூன்றாவது ஒயர்தான் எர்த். மெஷினில் எங்காவது கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவது அதன் வேலை.

"பாய், சர்வீஸ்க்கு வர்ற மெஷின்ல எர்த் எல்லாம் ஒழுங்கா இருக்குமா?" என்று கார்த்தி தம்பி கேட்டார்.

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். "கிராமத்து வீட்ல ரெண்டு ஓட்டை பிளக்குதான் இருக்கும் தம்பி. பெரிய பின்ன ஒடிச்சுப் போட்டுட்டுச் சொருவிக்கிடுவாங்க. பாதி வீட்ல எர்த்தே கெடையாது."

"கேட்டியா?" என்றார் அண்ணாச்சி மகனிடம். "மாட்டாத ஒயருக்கு நாம எதுக்குச் செம்பு போடணும்?"

"பாடி பிளாஸ்டிக்தானப்பா. பாடியத் தொட்டா ஷாக் வராது. டூ கோர் போதும்," என்றார் கார்த்தி தம்பி.

"ஆனா பிளக்கு மூணு பின்னுதான் இருக்கணும் பாத்துக்க," என்றார் அண்ணாச்சி. "மூணு பின்னு இருந்தாத்தான் நல்ல சாமான்னு வாங்குதவன் நம்புதான்."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் எனக்குத் தெரியும். மாவு ஆட்டுகிற பெண்கள் மெஷின் பாடியைத் தொடுவதே இல்லை. அவர்கள் கை டிரம்முக்குள்தான் இருக்கும். ஓடுகிற மெஷினில் ஓரத்தில் ஒட்டின மாவைக் கையாலேயே வழித்துக் கல்லுக்குத் தள்ளுவார்கள். டிரம் எவர்சில்வர். டிரம்மிலிருந்து ஷாஃப்ட், ஷாஃப்டிலிருந்து மோட்டார், எல்லாம் இரும்பு. ரெசின் வெடித்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் பாடியில் கரண்ட் வராது, டிரம்மில் வரும்.

இதை அந்த ரூமில் நான் சொல்லவில்லை. என்னிடம் கேட்டது வேறு, அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது, படித்தவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். பர்ச்சேஸ்காரர் டீ வந்துவிட்டது என்றார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

வீட்டில் என் மனைவி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாத்தையும் எங்கிட்ட வந்து சொல்லுங்க. அங்கன வாயத் தொறந்திருக்க மாட்டியளே," என்றாள்.

"நாளைக்குச் சொல்லுதேன்," என்றேன்.

மறுநாள் பர்ச்சேஸ் ஆர்டர் போய்விட்டது.

3. பேச்சியம்மாளின் பலகை

பேச்சியம்மாள் என் பழைய கஸ்டமர். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் ஓரத்து ஊர். மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு நாலு தெருவுக்குக் கொடுப்பார். அவருடைய பழைய மெஷினை நான் மூன்று முறை ரீவைண்டிங் செய்திருக்கிறேன். அவர் இருந்தது வாடகை வீடு, எர்த் இல்லை. அந்த மாதிரி வீடுகளுக்கு எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் ஒன்று சொல்வோம்: "கட்டப் பலகை மேல நின்னு ஆட்டுங்க." பலகையில் நின்றால் கரண்ட் மண்ணுக்கு இறங்க வழியில்லை. சரியான வைத்தியம் இல்லைதான். ஆனால் அந்த அம்மா பலகை இல்லாமல் சுவிட்சைப் போட மாட்டார்.

அவர் கணவர் சுடலைமுத்து கொத்தனார். சொந்தமாக வீடு கட்டியபோது எனக்குப் போன் போட்டு எர்த் குழி எப்படித் தோண்டுவது என்று கேட்டார். ஆளுயரத்துக்குத் தோண்டி, பைப்பை நிறுத்தி, உப்பும் கரியும் மாறிமாறிப் போட்டு மூடச் சொன்னேன். "வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. மண்ணு காஞ்சா எர்த் எடுக்காது," என்றும் சொன்னேன். அவரே தோண்டினார். அந்த வீட்டுக்குத்தான் எங்கள் கம்பெனியின் புது மாடலை வாங்கினார்கள்.

வாங்கும் முன் பேச்சியம்மாள் போன் செய்தார்.

"பாய், இது நீங்க இருக்க கம்பெனிதான? வாங்கலாமா?"

"வாங்குங்கம்மா."

"ஷாக் அடிக்காதுன்னு ஒட்டியிருக்கே. அப்போ பலகைய அடுப்புல வச்சிரட்டுமா?"

"பலகை கெடந்தா நல்லதும்மா," என்றேன். நான் பேசுவதே மெதுவாகத்தான் இருக்கும். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார் போல. ஹாரன் சத்தம்.

"என்ன பாய், கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாரி இருக்கு?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

4. டைப் அடித்த தாள்

அடுத்த சித்திரையில் ஒரு நாள் காலை, கம்பெனிக்குள் நுழைந்ததுமே அண்ணாச்சி கூப்பிட்டார். கார்த்தி தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சேர்மாதேவிப் பக்கம் ஒரு பொம்பள நம்ம மெஷின்ல மாவு ஆட்டையில செத்துப்போச்சாம். உமக்குத் தெரிஞ்ச ஆளுகன்னு டீலர் சொல்லுதான்."

பேச்சியம்மாள் பெயரைச் சொன்னார்.

"போலீஸ் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான். நாளைக்கு மின்சார ஆபீசர் வந்து பாக்காராம். இன்னிக்கே நீரு போவும். வீட்டு எர்த்தப் பாரும். கிராமத்து வீடு, ஒண்ணும் உருப்படியா இருக்காது. அத இதுல எழுதியிருக்கு. புருசங்காரன்ட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாரும்."

தாளில் சுடலைமுத்து எழுதிக்கொடுப்பதுபோல டைப் அடித்திருந்தது. என் வீட்டு எர்த் சரியில்லாததால்தான் விபத்து நடந்தது, மெஷினில் குறை இல்லை என்று.

"அண்ணாச்சி, நம்ம ஒயர்ல எர்த்து இல்லயே," என்றேன்.

"நாம யாரையும் கொல்லல வே. எவன் வீட்ல எர்த் இருக்கு? இங்கன உக்காந்து நீருதான சொன்னேரு?"

தாளை மடித்துப் பையில் வைத்தேன். வெளியே வரும்போது கார்த்தி தம்பி பின்னாலேயே வந்தார்.

"பாய், நான் பாடிய மட்டும்தான் பார்த்தேன். கை டிரம்முக்குள்ள இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. எங்க வீட்ல மாவு பாக்கெட்லதான் வரும்."

"எனக்குத் தெரியும் தம்பி," என்றேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

5. டெஸ்ட் லாம்ப்

வீட்டு முன் பந்தல் பிரிக்காமல் இருந்தது. சுடலைமுத்து என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், நீங்க வருவியன்னு தெரியும். நான்தான் பாய் அவளக் கொன்னுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னை வீட்டின் பின்புறம் கூட்டிப்போனார். எர்த் குழி. மண் வெடித்துக் கிடந்தது.

"நாகர்கோயில்ல வேல, பத்து நாளு போயிட்டேன். தண்ணி ஊத்தல. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னிய, வாரம் ஒரு குடம்னு. அவ போன்ல கேட்டா, குழிக்கு நான் ஊத்தட்டுமான்னு. கால்வாயிலயும் தண்ணி இல்ல, குடிக்கத் தண்ணிக்கே நடக்கா. நீ ஏன் சொமக்க, நான் வந்து ஊத்திக்கிடுதேன்னுட்டேன். ஒரு குடம் பாய். ஒரு குடம் தண்ணி."

உறவுக்காரர்கள் இரண்டு பேர் தூரத்தில் நின்றார்கள். யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள் என்று தெரிந்தது. என் பையில் இருந்த தாளிலும் அதுதான் எழுதியிருந்தது. பேனாவை நீட்டியிருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டிருப்பார்.

"ஒரு தடவ பாத்துருதேன்," என்றேன்.

டெஸ்ட் லாம்ப் என்பது பெரிய கருவி இல்லை. ஒரு குண்டு பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர். ஒன்றை பிளக் போர்டில் கரண்ட் வரும் பேஸ் ஓட்டையில் வைத்து, இன்னொன்றை மேலே இருக்கும் பெரிய ஓட்டையில், எர்த்தில், வைக்க வேண்டும். எர்த் மோசமென்றால் பல்பு மினுங்கும், அல்லது எரியவே எரியாது.

பல்பு பளிச்சென்று எரிந்தது. பத்து நாள் தண்ணீர் ஊற்றாத சித்திரை மாதத்து மண்ணில். அவ்வளவு நல்ல எர்த் குழியை டவுனில் பெரிய வீடுகளில்கூட நான் பார்த்ததில்லை.

சுடலைமுத்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எரியுதே," என்றார்.

"எரியுது. உங்க எர்த்து நல்லாருக்கு. தண்ணி ஊத்தாததால ஒண்ணுமில்ல."

"அப்போ?"

மெஷின் சுவர் ஓரமாக இருந்தது. முன்னால் பலகை இல்லை. டிரம்மில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரை எடுத்து ஒரு முள்ளை பிளக்கின் பெரிய பின்னிலும், மறுமுள்ளை டிரம்மிலும் வைத்தேன். நடுவில் ஒயர் இருந்தால் மீட்டர் சத்தம் போடும். போடவில்லை. மூலையில் சாக்கு மூடிக் கிடந்த பழைய மெஷினிலும் அதேபோல வைத்தேன். சத்தம் வந்தது. இரண்டையும் இன்னொரு தடவை செய்து காட்டினேன்.

கொத்தனார் வேலை செய்கிறவர். தூக்குக்குண்டு பார்த்தே வாழ்ந்தவர். விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

"பின்னு இருக்கு. உள்ள ஒயர் இல்ல," என்றார்.

"இல்ல."

"இது கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

இந்த இடத்தில் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. எனக்குத் தெரியாது, நான் வெறும் மெக்கானிக் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"எனக்கும் தெரியும். டிரம்முல கரண்டு வரும்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. கீழே உட்கார்ந்து டிரம் ஓரத்தில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினார்.

"நாளைக்கு ஆபீசர் வருவாரு. இத அப்படியே அவருட்ட சொல்லணும். சொல்லுவியளா?"

"சொல்லுதேன்."

"சொல்லிட்டுப் போயிருங்க. பொறவு இந்தப் பக்கம் வராதீங்க பாய்."

தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

6. பிறகு

மறுநாள் ஆபீசர் முன்னால் சொன்னேன். குரல் எழவில்லை, "சத்தமா சொல்லுங்க" என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். அன்றைக்கே எனக்கு வேலை போனது. அண்ணாச்சி திட்டக்கூட இல்லை. "தின்ன சோத்துல மண்ணப் போட்டுட்டேரு வே," என்று மட்டும் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது. தேதி வரும்போது நான் போகிறேன். சுடலைமுத்துவும் வருவார். வராண்டாவின் மறுகோடியில் நின்றுகொள்வார். நான் கிட்டே போவதில்லை.

கம்பெனி மாடலை மாற்றிவிட்டது. இப்போது வருகிறதில் மூன்று ஒயர் இருக்கிறது. அது கார்த்தி தம்பி பிடிவாதமாக நின்று செய்தது என்று கேள்விப்பட்டேன். ஆனால் அதற்கு முன்னால் விற்ற மெஷின்கள் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் வாங்கினார்கள் என்று கம்பெனியிலும் தெரியாது, டீலரிடமும் பெயர் இல்லை. வாரண்டி கார்டை யாரும் பூர்த்தி செய்து வாங்கி வைக்கவில்லை.

நான் திரும்பவும் கடை திறந்துவிட்டேன். அந்த மாடல் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் சைக்கிளில் போய், கூலி இல்லாமல், டிரம்மைச் சுழற்றும் கியர் பாக்ஸில் துளை போட்டு எர்த் ஒயர் முடுக்கிவிட்டு வருகிறேன். எர்த் இல்லாத வீடென்றால் குழி தோண்டுகிற வரைக்கும் மெஷினைப் போடாதீர்கள் என்று சொல்கிறேன். மோட்டாரைத் திறந்து உள்ளே ரெசின் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. யாரும் திறக்கக் கூடாது என்றுதானே செய்தோம்? சிலர் உள்ளே விடுவதில்லை. நன்றாக ஓடுகிற மெஷினில் இவன் எதற்குத் துளை போடுகிறான் என்று சந்தேகப்படுகிறார்கள். அவர்களைப் பேசிச் சம்மதிக்க வைக்க எனக்கு நாக்கு போதவில்லை. இதுவரை இருபத்தாறு மெஷினில் போட்டிருக்கிறேன். எத்தனை மிச்சம் என்று தெரியாது.

ஐடிஐயில் ஒயர்மேன் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதச் சொன்னார் அங்கே வாத்தியாராக இருக்கிற ஒரு நண்பர். நீங்கள் நாளைக்கு ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போவீர்கள். மெஷினைப் படத்தில் பார்த்து முடிவு செய்கிறவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், நல்லவர்களாகக்கூட இருப்பார்கள். அதை ஓட்டுகிறவர் கையை எங்கே வைப்பார், காலை எங்கே ஊன்றி நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். டீ ஆறினால் ஆறட்டும், எழுந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். பேசத் தெரியாது, படிப்பு இல்லை, கூச்சம் என்று நான் வைத்திருந்த காரணம் எல்லாம் உண்மைதான். அதில் ஒன்றைக்கூட என்னால் சுடலைமுத்துவிடம் சொல்ல முடியவில்லை.